கவண் வீச்சும் என் இடது புருவமும்

உங்கள் மாமா குடையை விரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பார்ப்பார். வாசலில் யாரும் இல்லை என்று தெரிந்தாலும் பார்ப்பார். ஒட்டடைக் கம்பை எடுத்தாலும் அப்படித்தான், கொடியில் போடுவதற்கு வேட்டியை உதறினாலும் அப்படித்தான். சின்ன வயதில் நீங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்று அவரை மாதிரியே திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பீர்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பாரே ஒழிய, ஒரு நாளும் காரணம் சொன்னது கிடையாது. என் இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு ஒன்று இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று கேட்கும்போதெல்லாம் நானும் "பேட்டு பட்டுருச்சுப்பா" என்று சொல்லி முடித்துவிடுவேன். அந்த ரெண்டுக்கும் ஒரே கதைதான். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்த வருசம் அது. காளவாசலில் இருந்து உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், உங்கள் அம்மா, அவளுடைய தம்பியான உங்கள் மாமா. அவர்களுக்குத் தாய் தகப்பன் கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்தபோது உங்கள் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டு அனுப்பினாள்: "தம்பியும் என்கூட வருவான், சம்மதமா?" சம்மதம் என்றேன். மற்றவர்களுக்குப் பீரோ, கட்டில் என்று வந்த மாதிரி எனக்கு ஒரு மச்சினர் வந்தார். "நீ திங்கிற சோத்துக்குப் பீரோவே தேவலை மாப்ள" என்று நான் கேலி பண்ணுவேன். "பீரோ உங்களோட சைக்கிள்ள டபுள்ஸ் வருமா மச்சான்?" என்று திருப்பிக் கேட்பார்.

நானும் அவரும் கப்பலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தோம். ரெண்டு பேருமே பூப்பந்து ஆடித்தான் உள்ளே போனோம். மஞ்சள் கம்பளிப் பந்து, நரம்பு பின்னின மரப் பேட்டு, நடுவில் வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் ரெண்டு பேர், நடுவில் ஒருவர், பின்னால் ரெண்டு மூலைக்கு ரெண்டு பேர். அந்தக் காலத்தில் மில்லுக்கு மில் ஒரு டீம் வைத்திருப்பார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுப்பார்கள். நான் பின்னால் இடது மூலை. வந்த பந்தை ஒழுங்காகத் திருப்பி அனுப்புவேன், அம்புட்டுத்தான். என்னைப் பார்க்க என்று யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள்.

உங்கள் மாமாவைப் பார்க்கத்தான் எடுப்பார்கள். அவருடைய அடி அப்படி. செக்கானூரணிக்கு மேற்கே சோளக்காட்டில் கிளி விரட்டி வளர்ந்த கை அது. ஆறு ஏழு வயதில் இருந்தே பரண் மேல் ஏறி நின்று கவண் சுற்றியிருக்கிறார். கயிற்றில் கல்லை வைத்துத் தலைக்கு மேல் விர்ரென்று ஒரு சுற்று சுற்றி, ஒரு முனையை விட்டால் கல் பறக்கும். பேட்டைக் கையில் கொடுத்தபோதும் அந்தக் கை அதையேதான் செய்தது. பந்து வரும்போது பேட்டு முதுகுக்குப் பின்னால் போய், தலைக்கு மேல் ஒரு முழு வட்டம் போட்டு, அதற்கப்புறம்தான் இறங்கும். இறங்கிவிட்டால் அந்தப் பந்தை எடுக்க ஆள் கிடையாது. கூட்டத்தில் விசில் பறக்கும். "கவண் வீச்சு" என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்குமுன்னே "சுத்து மாப்ள, சுத்து!" என்று கத்துவார்கள்.

பதினாறு வயதில் இருந்தே அவரைப் பற்றி எல்லோரும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்கள். "இவன் ஸ்டேட்டுக்கு ஆடுவான்." முதலில் அதைக் கேட்டால் அவர் முகம் மலரும். இருபத்து மூன்று வயதிலும் அதே வாக்கியம்தான், ஆனால் முன்னால் ஒரு வார்த்தை சேர்ந்துவிட்டது. "இவன் மட்டும் ஒழுங்கா ஆடுனா ஸ்டேட்டுக்கு ஆடுவான்." அதைக் கேட்டுவிட்டு வருகிற அன்று சைக்கிளில் வழி முழுக்கப் பேச மாட்டார்.

விசயம் என்னவென்றால், கிராமத்து ஆட்டத்தில் அவர் பின் மூலையில் நிற்பார். பந்து மிதந்து வரும். ஒரு சுற்றுச் சுற்ற நேரம் இருக்கும். மில்லில் அவருடைய உயரத்தைப் பார்த்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். நடு இடத்துக்குப் பெரிய டீம்காரன் அடிக்கிற பந்து மிதந்தா வரும்? பேட்டு வட்டம் போட்டு இறங்குவதற்குள் பந்து நெஞ்சில் பட்டு விழுந்து கிடக்கும். பத்து பந்துக்கு நாலு பந்து கைதட்டல், ஆறு பந்து காலடியில்.

அதோடு, அவர் இன்னும் பதிலி ஆள்தான். தினமும் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராமல் இருந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். இல்லையென்றால் தூக்குச் சட்டியோடு திரும்பி வர வேண்டியதுதான். மேனேஜர் சொல்லியிருந்தார், தையில் ஒத்தக்கடையில் நடக்கிற பந்தயத்துக்கு ஸ்டேட் டீம் பொறுக்குகிறவர்கள் வருகிறார்கள், அதில் எடுத்தால் மறு மாசமே பெர்மனென்ட் என்று. எடுக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மாமா இடத்துக்கு ரெண்டு சின்னப் பையன்களைப் பார்த்து வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் கேப்டன் நூல் நூற்கிற ரிங் பிரேம் மிசினில் மேஸ்திரி. குள்ளமான ஆள், வாய் கூர்மை. ஆடி மாசம் ஒரு நாள் மாமாவைக் கூப்பிட்டு, "தம்பி, அடி அழகாத்தான் இருக்கு. நீ சுத்தி முடிக்கிற வரைக்கும் பந்து நின்னு வேடிக்கை பாக்குமா? சுத்தை விடு. காதுகிட்ட இருந்து நேரா இறக்கு" என்றார்.

"சுத்தை விட்டா அடில பலம் இருக்காதுண்ணே."

"இருக்காதுதான். ஆறு மாசத்துக்கு உன் ஆட்டம் கழுதை மாதிரி இருக்கும். தாங்குவியா?"

மாமா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

கேப்டன் சொன்னதில் ஒன்று மட்டும் தப்பு. கழுதை நன்றாக ஆடியிருக்கும். பழைய வீச்சு போய்விட்டது, புதுசு வரவில்லை. கையைக் காதோடு நிறுத்தினால் பந்து வலையில் முட்டுகிறது. கொஞ்சம் மறந்தால் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. திருமங்கலத்தில் ஒரு சின்னப் பந்தயத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் டீமிடம் தோற்றோம். "கவண் அறுந்து போச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். மாமா தலையைக் குனிந்தபடி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

கேப்டன் ஒரு வழி பண்ணினார். மில் குடோன் சுவரில் முதுகு படுகிற மாதிரி மாமாவை நிற்க வைத்துப் பந்து போட்டார். கை பின்னால் போனால் பேட்டு சுவரில் இடிக்கும், அப்படியே பழக்கம் விட்டுப்போகும் என்பது கணக்கு. முதல் நாளே ஒரு பேட்டு உடைந்தது. மறுநாளில் இருந்து மாமா தனக்கே தெரியாமல் ஒரு அடி முன்னால் வந்து நின்று சுற்றினார். பிடித்துத் தள்ளி நிறுத்தினால், ரெண்டு பந்து கழித்து மறுபடி முன்னால் வந்திருப்பார். "சுவருக்கு வலிக்காதுன்னு உன் கைக்குத் தெரிஞ்சு போச்சுடா" என்று கேப்டன் சலித்துப் போனார்.

அன்றைக்கு சைக்கிளில் திரும்பும்போதுதான் எனக்குத் தோன்றியது. "மாப்ள, நாளைக்கு சுவரு வேண்டாம். நான் பின்னாடி நிக்கிறேன்" என்றேன்.

"என்னது?"

"உன் முதுகை ஒட்டி நிக்கிறேன். நீ சுத்துனா என் மூஞ்சியிலதான் படும். சுத்துவியா?"

அவர் சைக்கிளை விட்டே குதித்துவிட்டார். நம்ம ஊர்ப் பக்கம் அக்காள் புருசன் என்றால் சும்மாவா? அவர் என் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தது கிடையாது. விளையாட்டுக்குக்கூட என் மேல் கை பட்டது கிடையாது. "அது ஆகாது மச்சான். அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுரும்." "தெரிஞ்சாத்தானே" என்றேன்.

சாயங்காலம் போய் நடுராத்திரியில் திரும்புகிற அரை நைட் ஷிப்டு இருக்கிற வாரங்களில் காலையிலேயே குடோனுக்குப் பின்னால் போய்விடுவோம். கேப்டன் எதிரில் நின்று பந்து போடுவார். மாமா நிற்பார். அவர் முதுகுக்கும் என் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. அவர் வேர்வை வாசமும் பேட்டு நரம்பின் வாசமும் சேர்ந்து அடிக்கும். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும், "இருக்கீகளா?" என்பார். "இருக்கேன்" என்பேன். பேட்டு காதோரத்தில் நிற்கும். அங்கிருந்து நேரே இறங்கும். முதல் நாள் ஒரு தடவைகூடக் கை பின்னால் வரவில்லை. கேப்டன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "இது என்னடா கூத்து! சுவருக்கு இல்லாத மரியாதை மச்சானுக்கா?"

அடியில் பலமும் மெல்ல வந்தது. தோளில் இருந்து வராத பலம் இடுப்பில் இருந்து வந்தது. பந்தின் சத்தம் மாறியது. முன்னெல்லாம் தொப் என்று கேட்கும். இப்போது சுள்ளென்று கேட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் கேப்டன் ஒரு பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டுவிட்டார். மழை விட்ட காலை, வெளிச்சம் நன்றாக இருந்தது. பந்து மெதுவாக மேலே போய் மெதுவாக இறங்கியது. சோளக்காட்டுக் கைக்கு அந்த ஒரு நொடி போதும். நான் பார்த்தது பேட்டின் விளிம்பு மட்டும்தான்.

கீழே உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. மாமா பேட்டை எங்கேயோ வீசிவிட்டு, பனியனைக் கழற்றி என் நெற்றியில் அமுக்கிக்கொண்டு, "மச்சான், மச்சான், மச்சான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனார். தையல் போட்டுக் கட்டு போட்டார்கள். மாமா சைக்கிளுக்குப் பின்னால் வெறும் உடம்போடு ஓடி வந்தார். டாக்டர் வீட்டு வாசலில் நின்று, "இனிமே பேட்டைத் தொட்டா என் கை விளங்காது" என்று சத்தியம் பண்ணினார்.

வீட்டில் என்ன சொல்வது என்று வழி எல்லாம் யோசித்துக்கொண்டு போனோம். நான் படியில் வழுக்கியதாகச் சொல்வது என்று முடிவு. உங்கள் அம்மா கதவைத் திறந்து என் கட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டை இல்லாத உடம்பைப் பார்த்தாள்.

"என்னடா செஞ்ச?" என்று அவரைத்தான் கேட்டாள்.

அவர் அழுதுவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினார். சுவர், என் யோசனை, உயரமாக வந்த பந்து, சத்தியம் எல்லாம். அவள் கையில் இருந்த அகப்பையாலேயே அவர் முதுகில் ரெண்டு போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் புத்தி எங்க போச்சு? கண்ணுல பட்டிருந்தா? பொறக்கப்போற பிள்ளை மூஞ்சியை எந்தக் கண்ணால பாப்பீக?"

சோறு போட்டாள். மாமா ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டு ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"நாளைக்கும் போய் நில்லுங்க" என்றாள்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று அவளைப் பார்த்தேன்.

"நாளைக்கு விட்டா அவன் அதைத் தொட மாட்டான். எனக்குத் தெரியும் அவனை. ஆத்தா போனப்ப அவன் கவணைத் தூக்கிப் போட்டவன்தான், அப்புறம் அந்தக் காட்டுப் பக்கமே போகலை. இதையும் போட்டுட்டா அவனுக்கு வேற என்ன இருக்கு?"

"தையல் பிரிஞ்சா?"

"பிரியாம நான் கட்டி விடுறேன்."

காலையில் அவள் கட்டிவிட்ட கட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மில்லில் இருந்து நான் எப்போதோ கொண்டுவந்த கழிவுப் பஞ்சை ஒரு பழைய துண்டில் வைத்து மடித்து, நெற்றியில் வைத்து, மேலே அவளுடைய கிழிந்த சேலைத் துணியால் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டாள். தலை பூசணிக்காய் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் தம்பியை எழுப்பி, பேட்டைக் கையில் திணித்து, "மச்சான் வாசல்ல நிக்காக. போ" என்றாள். அவர் சத்தியத்தைச் சொன்னார். "உன் சத்தியத்தை நான் பாத்துக்கிறேன், போடா" என்றாள்.

மில் கேட்டில் என்னைப் பார்த்தவன் எல்லாம் சிரித்தான். "என்னண்ணே, மாப்பிள்ளை ஊர்வலமா?" "இல்லப்பா, அண்ணனுக்கு நாட்டாமைப் பட்டம் கட்டியிருக்காக!" மார்கழி வரை அந்தத் தலைப்பாகையோடுதான் பின்னால் நின்றேன். மாமா அதற்குப் பிறகு "இருக்கீகளா?" என்று வாயால் கேட்பதை விட்டுவிட்டார். இடது கையைப் பின்னால் நீட்டி, விரல் நுனியால் என் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். தொட்டபின்தான் அடிப்பார்.

தை பிறந்தது. ஒத்தக்கடைப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தயம். யானைமலை நிழல் மைதானத்தில் விழுந்த பிறகுதான் கடைசி ஆட்டத்தைத் தொடங்குவார்கள், காற்று அடங்க வேண்டும். கம்பளிப் பந்துக்குக் கொஞ்சம் காற்று போதும், போகிற வழியை மாற்றிக்கொள்ளும். வேலிக்கு வெளியே கரும்பு கடித்துக்கொண்டு ஒரே கூட்டம். ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கிறவர் வெள்ளைத் தொப்பியோடு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். ரெண்டு பஸ் மாறி, நிறைமாச வயிற்றோடு வந்து பெண்கள் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

முதல் ரெண்டு ரவுண்டும் மாமா ஆடினது ஆட்டம். சின்ன வீச்சு, சுள் சுள்ளென்று. கூட்டத்துக்குத்தான் பிடிக்கவில்லை. "சுத்து மாப்ள! எங்க போச்சு உன் கவணு?" என்று கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் டீம். ஆளுக்கு ஆள் மலை மாதிரி இருந்தார்கள். ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம். அந்தக் காலத்தில் இருபத்தொன்பது புள்ளிக்கு ஒரு ஆட்டம். பாதி வரை சமமாகப் போனது.

அப்போது அவர் கை பின்னால் போனதைப் பார்த்தேன்.

களைப்போ, கூட்டத்தின் சத்தமோ, தெரியவில்லை. ஒரு பந்துக்குப் பேட்டு காதைத் தாண்டிப் போய் வட்டம் போட்டது. பந்து அவர் வயிற்றில் பட்டு விழுந்தது. கூட்டம் என்னவோ கைதட்டியது! அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும். இடது கையைப் பின்னால் நீட்டி விரலால் காற்றைத் தடவினார். நான் எங்கோ பின் மூலையில் நின்றுகொண்டிருக்கிறேன். அங்கே சட்டை எங்கே இருக்கும்? வெள்ளைத் தொப்பிக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என் மூலையை விட்டு நடந்துபோய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"மச்சான்?"

"இருக்கேன்."

"உங்க மூலை காலியாக் கெடக்கு."

"கெடக்கட்டும். நீ அடி."

அடித்தார். காதோரத்தில் இருந்து, நேரே. அந்தப் பந்தை எதிர் டீம் பார்க்கவே இல்லை. அடுத்ததும் அப்படித்தான். கேப்டன் முன்னால் இருந்து திரும்பி, "டேய், அங்க என்னடா கோயில் கட்டுற? உன் மூலைக்குப் போடா!" என்று கத்தினார். நான் போகவில்லை. போகாதது தப்பு என்று எனக்குத் தெரியும். டீமில் ஆடுகிறவன் அப்படிச் செய்யக் கூடாது. எதிரில் இருந்தவர்கள் முட்டாள்களா? ரெண்டு மூன்று பந்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். மாமாவுக்கு எட்டுகிற பந்தை எல்லாம் அவர் திருப்பி அடித்துப் புள்ளி எடுத்தார். எட்டாததை எல்லாம் அவர்கள் என் காலி மூலையில் கொண்டுபோய் மெதுவாக வைத்தார்கள். ஒரு புள்ளி நமக்கு, ஒரு புள்ளி அவர்களுக்கு என்று கடைசி வரை வந்துவிட்டது.

கடைசிப் பந்து. இதை விட்டால் தோல்வி. அவர்கள் முன் ஆள் பேட்டைத் திருப்பி, பந்தைத் தூக்கி என் மூலைக்கு அனுப்பினான். நான் திரும்பி ஓடலாம் என்று நினைப்பதற்குள் என் தோளை உரசிக்கொண்டு ஒருவர் ஓடினார். உங்கள் மாமாதான். வலைக்கு முதுகு காட்டிக்கொண்டு, என் மூலையைப் பார்த்து ஓடினார். பந்து கோட்டுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்த இடத்தில் இருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தை வலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக ஒரே ஒரு வீச்சுதான் உண்டு. பேட்டு பின்னால் போனது, தலைக்கு மேல் முழு வட்டம் போட்டது. விர்ரென்ற சத்தம் எனக்குக் கேட்டது. ஒத்தக்கடையே எழுந்து நின்று கத்தியது.

பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், வலையைத் தாண்டி, எதிர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே விரல்கடை தூரத்தில் விழுந்தது.

தோற்றுவிட்டோம். கேப்டன் நேரே என்னிடம் வந்தார். "உன் மூலையை யாருடா பாப்பா, உங்க அப்பனா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். மாமா நடுவில் வந்து, "அண்ணே, என்னையச் சொல்லுங்க" என்றார். "உன்னையும்தான்டா சொல்லுவேன், வரிசையில நில்லு" என்றார் கேப்டன். கோப்பை கொடுக்கிற வரைக்கும் மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா என்னிடம், "கடைசியில சுத்திட்டேன் மச்சான்" என்றார். "சுத்தாம எப்படி எடுக்குறது, விடு" என்றேன். "இம்புட்டு மாசம் நின்னீகளே" என்றார்.

ஸ்டேட் டீமுக்கு எடுத்தவர்கள் பேரை மைக்கில் வாசித்தார்கள். மூன்றாவது பேர் அவருடையது. வாசித்தவர் பேரைத் தப்பாகச் சொன்னதால் முதலில் எங்களுக்குப் புரியவில்லை. மில் பேரைச் சேர்த்துச் சொன்ன பிறகுதான் கேப்டன் துள்ளி எழுந்தார். அந்த நேரத்தில் பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. நிறைமாசக்காரி, எழுந்து நிற்கக்கூட முடியாமல், உட்கார்ந்தபடியே குலவை போட்டாள். தெரியாத பெண்கள் நாலு பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

மறு மாசம் மாமாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த வருசம் என் மூலைக்கு வேறு ஆள் வந்தான். நான் வெளியே உட்கார்ந்து தண்ணீர் வாளி பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமா ஸ்டேட்டுக்கு ரெண்டு வருசம் ஆடினார். பிறகு முழங்கால் போய்விட்டது. "இன்னும் மேல போயிருக்க வேண்டிய ஆளு" என்று இன்றைக்கும் சிலர் டீக்கடையில் சொல்கிறார்கள். இருக்கலாம். எம்புட்டு மேலே போக வேண்டும் என்று யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? அவருக்கு எட்டாத பந்துக்கும் அவர் ஓடினார். நான் கிட்ட நின்று பார்த்தேன். எனக்கு அது போதும்.

பந்தயம் முடிந்த அன்று, இருட்டுகிற நேரத்தில், மைதானம் காலியான பிறகு மேலூர் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றோம். அம்மா மைல்கல்லில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமா பேட்டை உறையில் இருந்து எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ரோட்டோரத்தில் கொஞ்சம் வெட்டவெளி இருந்தது. அங்கே போய் நின்றார். கையைத் தூக்கப் போனவர் நிறுத்திவிட்டு, பின்னாடி திரும்பிப் பார்த்தார். அவர் அப்படித் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பழக்கத்தில் நான் அங்கேயே போய் நின்றிருந்தேன்.

"தள்ளி நில்லுங்க மச்சான்" என்றார்.

தள்ளிப் போய் உங்கள் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். அவர் இன்னொரு தடவை திரும்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டார். பிறகு பந்து இல்லாமலே, வெறும் காற்றில், பேட்டைத் தலைக்கு மேல் முழு வட்டமாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். "டேய், பஸ்ஸு வருதுடா" என்று அம்மா சிரித்தாள்.